என் பெயரில் உமக்கு வந்த வியாதி

நேற்று மறுபடியும் வீட்டுக்குச் சாத்துக்குடி வந்துவிட்டது, ஓய்.

மஞ்சள் பை நிறையக் கொண்டுவந்தவர் சீவலப்பேரிக்காரர். ஐம்பதைத் தாண்டிய விவசாயி. கூடவே அவர் மனைவி. டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி, “நெஞ்சுல புத்து வந்து பொழச்ச கணக்கு வாத்தியார் வீடு எது?” என்று தெருமுனையில் விசாரித்திருக்கிறார்கள். கேட்ட அத்தனை பேரும் கூசாமல் என் வீட்டைக் காட்டியிருக்கிறார்கள். பையைக் கீழே வைத்ததும் அந்தத் தோல் வாசனை வீடெல்லாம் பரவியது. எனக்கு எரிச்சலும் கூடவே கிளம்பியது. நீர் போய் இத்தனை காலமாகியும் நீர் இழுத்துவிட்ட வில்லங்கம் தீர்ந்தபாடில்லை.

எனக்கு நெஞ்சில் புற்று வந்ததே இல்லை. வந்தது உமக்கு. பிழைக்காமல் போனவரும் நீர்தான். இது நம் இருவரைத் தவிர என் மனைவிக்கும் உம் வீட்டாருக்கும் இன்னும் ஒருவருக்கும்தான் தெரியும். ஊருக்கு வேறு கணக்கு. ஊர்க் கணக்கில் வியாதி வந்தவன் நான், தப்பித்தவனும் நான். நீர் ஏதோ மூச்சுத்திணறலில் போய்ச் சேர்ந்தவர்.

பாளையங்கோட்டையில் ஒரே பள்ளிக்கூடத்தில் நீர் சரித்திரம், நான் கணக்கு. மாடியில் நீர் பானிபட் போரை நடத்தினால் கீழே என் வகுப்பில் பிள்ளைகள் பேனாவை வைத்துவிட்டு அண்ணாந்து பார்க்கும். அப்படி ஒரு தொண்டை உமக்கு. மணி அடித்ததும் சைக்கிளை உருட்டிக்கொண்டு கொக்கிரகுளத்து ஆற்றங்கரைக்குப் போவோம். மாணவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று படித்துறையைத் தாண்டி நாணல் மறைவில் நின்றுதான் சிகரெட் பற்றவைப்பீர். பிள்ளைகள் எல்லாருக்கும் அது தெரியும். நான் கண்டித்தால், “ஆத்துக் காத்து எல்லாத்தையும் அடிச்சிட்டுப் போயிரும்வே” என்பீர். ஆற்றுக் காற்று வெளியே வந்த புகையை அடித்துக்கொண்டு போயிருக்கும். உள்ளே போன புகையை அது என்ன செய்யும்?

ஐப்பசி மழையில் பிடித்த இருமல் உமக்குப் பங்குனி வெயிலிலும் விடவில்லை. சுக்குக் கஷாயம் குடித்தீர், பனங்கற்கண்டை வாயில் அடக்கினீர். சித்திரையில் கைக்குட்டையில் ரத்தக் கீற்றைப் பார்த்த பிறகுதான் டாக்டரிடம் போனீர். படத்தில் நுரையீரலின் மேல்பக்கம் ஒரு நிழல். நம் ஊரில் நெஞ்சில் நிழல் விழுந்தால் டி.பி. என்று முடிவு செய்துவிடுவார்கள். சளியைச் சோதித்ததில் கிருமி இல்லை என்று வந்தது; இருந்தாலும் மாத்திரை கொடுத்தார்கள். நீரும் விழுங்கினீர். “மருந்து நல்லா கேக்குது, மூத்திரம் செக்கச்செவேல்னு போகுது” என்று என்னிடம் பெருமை வேறு. அந்த மாத்திரை சாப்பிட்டால் யாருக்கும் அப்படித்தான் போகும் ஓய். மாத்திரை தின்றுகொண்டே இளைத்தீர். ஆவணியில் கரும்பலகையில் நீர் எழுதும்போது உம் விரலைப் பார்த்தேன். நகங்கள் எல்லாம் நுனியில் உருண்டு புடைத்திருந்தன. அதுவும் ஓர் அடையாளம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இப்போது யாரைப் பார்த்தாலும் முதலில் நகத்தைத்தான் பார்க்கிறேன்.

அதே ஆவணியில்தான் உம் மகளுக்கு நாங்குநேரியில் நிச்சயமானது. நல்ல இடம், நல்ல பையன். தை மாதம் கல்யாணம். நிச்சயம் முடிந்த கையோடு டாக்டர் மறுபடியும் படம் எடுக்கச் சொன்னார். ஜங்ஷனில் அவர் எழுதிக் கொடுத்த எக்ஸ்ரே கடையில், அறிக்கை தட்டச்சு செய்கிறவர் மாப்பிள்ளைக்கு ஒன்றுவிட்ட தாய்மாமன். நிச்சயத்துக்கு வராதவர்; உம் முகம் தெரியாது, பேர் தெரியும். நீர் என்ன செய்திருக்க வேண்டும்? வேறு கடைக்குப் போயிருக்க வேண்டும். நீர் செய்தது என்ன? பேர் கேட்டபோது என் பேரைச் சொன்னீர். இனிஷியல், பள்ளிக்கூடம், விலாசம் எல்லாம் சுத்தமாக.

அன்றைக்குச் சாயங்காலம் நாணல் பக்கம் வைத்துத்தான் என்னிடம் சொன்னீர்.

“உம்ம பேரக் குடுத்துட்டேன்வே.”

“என் பேரையா? எதுக்கு?”

“சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா வேற வெனையே வேண்டாம். ரத்தத்துல வார வியாதிம்பானுவ, பொண்ணுக்கும் வரும்பானுவ. பேருதான ஓய். குடுத்தா தேஞ்சா போயிரும்?”

பேர் தேயாதுதான். ஆனால் அது ஊர் சுற்றும் என்று உமக்குத் தோன்றவில்லை. டாக்டர் உறையிலிருந்த பேரைக் கவனிக்காமல் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நிழல் குறையவில்லை, பெருத்திருக்கிறது, இது டி.பி. இல்லை, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். அந்தத் தாய்மாமன் நாங்குநேரிக்குப் போய், “நம்ம சம்பந்தியோட கூட்டாளி இருக்காருல்லா, கணக்கு வாத்தியாரு, அவருக்கு நெஞ்சுல கட்டியாம், பாவம்” என்று சொல்ல, அவர்கள் கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைப் பார்க்க வந்த இடத்தில் உம் அண்டை வீட்டில் சொல்ல, அண்டை வீட்டார் பள்ளிக்கூடத்தில் சொல்ல, ஒரு வாரத்துக்குள் செய்தி ஒரு சுற்று சுற்றி என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். அதுவரை அவர் அறையில் நான் உட்கார்ந்ததே கிடையாது. “ஒடம்பப் பாத்துக்கிடுங்க சார்” என்று சொல்லி, என் கடைசி பீரியட் வகுப்பை எடுத்து உம்மிடம் கொடுத்தார். கட்டி இல்லாதவனுக்கு ஓய்வு, கட்டி உள்ளவருக்குக் கூடுதல் வகுப்பு. நீரும் இருமிக்கொண்டே அதை நடத்தினீர். எனக்கு அன்று வந்த ஆத்திரத்தில் மாடிக்கு ஏறி வந்து எல்லாவற்றையும் பிள்ளைகள் முன்னாலேயே உடைத்திருப்பேன். உம் மகள் நிச்சயத்தன்று என் காலில் விழுந்து எழுந்த முகம் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

என் மனைவிக்குச் செய்தி காய்கறிக்காரியிடமிருந்து வந்தது. நான் வீட்டுக்குள் நுழையும்போது அடுப்பு பற்றவைக்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எவரிடமும் சொல்லக் கூடாது என்று நீர் வாங்கிய சத்தியத்தை அந்த நிமிஷமே மீறினேன். அதற்காக எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. விஷயத்தைக் கேட்டதும் முதலில் கண்ணைத் துடைத்தாள். பிறகு எழுந்தாள்.

“அவ்வோ மக கல்யாணத்துக்கு நீங்க சாகணுமாக்கும்?”

“சத்தம் போடாத. பொண்ணு வாழ்க்கை.”

“பொண்ணுக்கு அப்பன் வேண்டாமா? பேரு மறைச்சா கட்டி மறைஞ்சிருமா? அந்த மனுசன மொதல்ல ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போங்க.”

நம் மூவரில் அறிவோடு பேசியது அவள் ஒருத்திதான். அப்படியும் வந்தவர்களிடம் அவள் காட்டிக்கொடுக்கவில்லை. வந்தவர்களோ கொஞ்சமா நஞ்சமா? சக வாத்தியார்கள், பழைய மாணவர்கள், உவரியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வழக்கமாக மீன் கொண்டுவருகிறவர் கூட. எல்லார் கையிலும் சாத்துக்குடி. ஒருத்தர் நாங்குநேரிக் கோயில் எண்ணெய்க் கிணற்றிலிருந்து எண்ணெய் கொண்டுவந்து என் நெஞ்சில் தடவச் சொன்னார். அதை அப்படியே உம்மிடம் கொடுத்தேன்.

நீரும் வந்தீர். வராமல் இருந்தால் ஊர் ஏதாவது நினைக்கும் என்று நீரும் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு, துக்க முகத்தோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து இருமினீர். நம் பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார் உம்மைக் கடிந்துகொண்டார். “ஓய், தள்ளி உக்காரும். அவரே சீக்காளி. உம்ம இருமலு அவருக்குத் தொத்திரப் போகுது.” நீர் எழுந்து போய்த் தூரத்தில் உட்கார்ந்தீர். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். பார்த்தவர்கள் வலி என்று நினைத்து விசிறினார்கள். எல்லாரும் போனதும் நீர் பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து உரித்தீர். “சீக்காளிக்கு வந்த பழத்தச் சீக்காளிதானவே திங்கணும்” என்றீர். அதன் பிறகு எனக்கு வந்த அத்தனை பழத்தையும் தின்றவர் நீர்தான்.

ஐப்பசியில் ஒரு வழியாக உம்மைத் திருவனந்தபுரம் பஸ்ஸில் ஏற்றினேன். அங்கேயும் என் பேர்தான். நர்ஸ் என் பேரைக் கூப்பிட்டபோது இரண்டு பேரும் எழுந்து நின்றோம். அவள் என்னைத்தான் உள்ளே வரச் சொன்னாள். உம்மைவிட நான்தான் சீக்காளி மாதிரி இருந்தேன் போல.

அங்கிருந்த டாக்டரம்மா மலையாள இழுப்போடு நல்ல தமிழ் பேசினார். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். கட்டி இடது நுரையீரலின் மேல்பக்கத்தில் ஓரிடத்தில் இருக்கிறது. நெஞ்சுக்கூட்டுக்குள்ளே நெறி கட்டியதாக ஸ்கேனில் தெரியவில்லை. கல்லீரலும் சுத்தமாகத்தான் தெரிகிறது. ஆனால் ஊசி விட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்தால்தான் அது என்ன ஜாதிக் கட்டி, எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று முடிவாகச் சொல்லலாம். முதல் கட்டத்திலோ இரண்டாவதிலோ இருந்தால் அறுத்து எடுத்துவிடலாம். அதைத் தாண்டிவிட்டால் கத்திக்கு வேலை இல்லை; கதிர்வீச்சுக் கரண்டு வைப்பதும் மருந்து ஏற்றுவதும்தான்.

“சதை எடுத்துப் பாக்காம நான் ஒண்ணும் பறைய மாட்டேன். நாளைக்கே எடுக்கலாம்” என்றார்.

நீர் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டீர். வராந்தாவில் வைத்து உம்மோடு சண்டை போட்டேன்.

“சும்மா கெடக்குத கட்டியக் குத்துனா கலைஞ்சு போயிரும்வே. குத்துனவன் எவன் பொழச்சான்?”

“குத்துனதால சாகலவே, லேட்டாக் குத்துனதால செத்தான். எதிரி எதுவரைக்கும் வந்திருக்கான்னு தெரியாம சண்டைக்குப் போன ராஜா என்ன ஆனான்? நீர்தான வருசா வருசம் நடத்துதீரு?”

“அது பாடம். இது எங்க வீட்டுக் கல்யாணம். அறுத்துப் போட்டுட்டா பந்தல்ல நிக்க முடியுமா? தை முடியட்டும்.”

“கட்டி தை வரைக்கும் பொறுக்குமா?”

“இவ்வளவு நாள் பொறுத்துச்சுல்லா?”

டாக்டரம்மா வாசல்வரை வந்து, “இப்ப போனா அப்புறம் இதே மாதிரி இருக்காது” என்று சொன்னதும் உம் காதில் விழுந்தது. விழாத மாதிரி நடந்தீர். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் நான் உம்மோடு பேசவே இல்லை. நாகர்கோவிலில் நீர் வாங்கித் தந்த டீயையும் குடிக்கவில்லை.

கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முகூர்த்தத்தன்று நீர் பட்டு வேட்டியில் நின்றீர். வேட்டி இடுப்பில் நிற்காமல் இரண்டு தடவை இழுத்துக் கட்டினீர். மறுநாள் மறுவீட்டுச் சொதிச் சாப்பாடு. சொதியும் இஞ்சிப் பச்சடியும் இலையில் விழுந்த பிறகும் நான் தூண் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். பந்தியின் அந்தக் கோடியிலிருந்து நீர் என்னைப் பார்த்துக் கை ஆட்டி, சாப்பிட வாரும் என்று கூப்பிட்டீர். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டீர். காற்றுதான் வந்தது. சம்பந்தி சிரித்துக்கொண்டே, “மக கல்யாணத்துல கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கிட்டு” என்றார். உம் முகத்தை நான் பார்த்தேன். உமக்குத் தெரிந்துவிட்டது. தொண்டை கட்டவில்லை.

மாசியில் அதே டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தோம். குரலைக் கேட்டதுமே அவர் முகம் மாறியது. நெஞ்சுக்குள்ளே நெறி கட்டி, குரலுக்குப் போகிற நரம்பை அது அழுத்துகிறது என்றார். தொண்டை வழியாகக் குழாய் விட்டுச் சதை எடுத்தார்கள். மூன்றாம் கட்டம், அதிலும் பின்பாதி. அறுவைக்கு இனி வழியில்லை. ஐப்பசியில் தும்பை விட்டுவிட்டு மாசியில் வாலைப் பிடித்தோம். நான் டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை, உம்மைத்தான் முறைத்தேன்.

அட்மிஷன் கவுண்டரில் பேர் கேட்டார்கள். பழக்கத்தில் நான் என் பேரைச் சொல்லத் தொடங்கினேன். நீர் என் கையைப் பிடித்து நிறுத்தி, அந்தக் காற்றுக் குரலில் உம் பேரைச் சொன்னீர். பிறகு என்னிடம், “பொண்ணு போயாச்சு. இனிமே உம்ம பேரு வேண்டாம்வே. எடுத்துக்கிடும்” என்றீர். உம்மேல் இருந்த கோபமெல்லாம் அப்போது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கவுண்டரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன், கண்ணீர் நிற்கவில்லை.

கரண்டு வைத்தார்கள். நெஞ்சுத் தோல் கறுத்தது. கஞ்சி இறங்கும்போதும் தொண்டை எரிந்தது. மருந்து ஏற்றினால் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. நடுவில் கொஞ்ச நாள் குரல் லேசாகத் திரும்பியது. திரும்பிய குரலில் நீர் முதலில் கேட்டது சிகரெட். அடிக்கக் கை ஓங்கினேன், ஞாபகமிருக்கிறதா? ஆடியில் ஆற்றில் தண்ணீர் பெருகி வந்தபோது நீர் போய்விட்டீர். உம் மகனுக்கு இனிமேல்தான் பெண் பார்க்க வேண்டும் என்று, உம் வீட்டில் மூச்சுத்திணறல் என்றே சொன்னார்கள். உம் புத்தி அப்படியே வீட்டாருக்கும் வந்திருந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நாங்குநேரிச் சம்பந்தி வந்திருந்தார். பந்தி முடிந்து வெளியே நின்றபோது, “நான் கேக்கேன்னு தப்பா நெனைக்காதிய. அவருக்கு வந்தது அதுதான?” என்றார். என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. அவரே சொன்னார்.

“பந்தல்ல அவரு நகத்தப் பாத்தேன். எங்க அண்ணனுக்கும் அப்படித்தான் இருந்துச்சு. அவனும் அதுலதான் போனான். உங்க பக்கம் தெரிஞ்சா சம்பந்தம் நின்னுரும்னு நாங்க சொல்லல. அவரு வாயத் தொறந்திருந்தா ஐப்பசியிலயே கோயில்ல வச்சுத் தாலியக் கட்டியிருப்போமே, அண்ணாச்சி.”

அன்றைக்கு உமக்குப் படைத்த இலையின் முன்னால் போய் நின்று கத்த வேண்டும் போலிருந்தது. அவர் தன் அண்ணன் வியாதியை உமக்குப் பயந்து மறைத்தார், நீர் அவருக்குப் பயந்து மறைத்தீர், நடுவில் கட்டி தன்பாட்டுக்கு வளர்ந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்லி அழ?

நேற்று வந்தவர் விஷயத்துக்கு வருகிறேன். சீவலப்பேரிக்காரர் பையிலிருந்து படத்தை எடுத்து நீட்டினார். நான் விரலைப் பார்த்தேன். புடைத்துத்தான் இருந்தது.

“டாக்டர் ஊசி விட்டுச் சதை எடுக்கணும்ங்காரு அண்ணாச்சி. எங்க ஊர்ல எல்லாரும் வேண்டாங்காவ. குத்துனா ஒடம்பு பூராப் பரவிரும்ங்காவ. நீங்க எந்தப் பச்சிலையில பொழச்சிய? அத மட்டும் சொல்லுங்க.”

அவர் மனைவி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் தொண்டையைச் செருமினேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் சொல்லி அனுப்புவேன்: எனக்கு வந்ததில்லை, ஆள் மாறி வந்துவிட்டீர்கள். ஆனால் இவரிடம் என்ன சொல்வது? வந்தது என் கூட்டாளிக்கு, அவர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயும் செத்துவிட்டார் என்றா? அடுத்த பஸ்ஸிலேயே பச்சிலைக்காரனைத் தேடிப் போய்விடுவார்.

“உங்களக் குத்துனாவளா?” என்றார் அவர்.

“குத்துனாவ” என்றேன்.

அதன் பிறகு நிற்கவில்லை ஓய். “டாக்டரம்மா சொன்ன மறுநாளே படுத்துட்டேன். எறும்பு கடிச்ச மாதிரிதான். ஒண்ணும் பரவல. எந்தக் கட்டத்துல இருக்குன்னு பாத்தாவ, நேரத்தோட போனதால அறுத்து எடுத்தாவ. பச்சிலை கிச்சிலை ஒண்ணும் கெடையாது.”

“வீட்டுல வேலையெல்லாம் கெடக்கு. அறுப்பு முடியட்டும்னு பாக்கேன்.”

“எங்க வீட்டுலயும் மக கல்யாணம் கெடந்துச்சு. அப்பன் இருந்தாத்தான கல்யாணம்னு முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போனேன். நெல்லு காத்துக்கிட்டுக் கெடக்கும். இது கெடக்காது.”

அந்தம்மாள் முதல் தடவையாக வாய் திறந்தாள். “அறுத்த தழும்பு இருக்குமே அண்ணாச்சி, இவ்வோளுக்கு ஒரு தடவ காட்டுங்களேன். பயம் தெளியும்.”

நான் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டேன். அடுக்களையிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். “அதெல்லாம் பொம்பளையாளு முன்னால சட்டையக் கழத்த மாட்டாவ. வெக்கம் ஜாஸ்தி. நீ காப்பியக் குடி தாயி. திங்கக்கிழமை நானே போன் போட்டுக் கேப்பேன், போனியளா இல்லியான்னு.”

போவதாகச் சத்தியம் செய்துவிட்டுத்தான் போனார்கள். என் மனைவி கண்டிப்பாகப் போன் போடுவாள். போகவில்லை என்றால் நானே சீவலப்பேரிக்குப் பஸ் ஏறுவேன்.

நீர் செய்யாததையெல்லாம் நான் செய்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன் இப்போது. நான் சொன்ன அந்தக் கதையில் நீர் ஐப்பசியிலேயே படுத்து எழுந்துவிட்டீர். மறுவீட்டுச் சொதியில் கூப்பிட்ட குரல் தெருவரை கேட்டது. பேரப் பிள்ளைகளுக்குப் பானிபட் சொல்லிக் கொடுக்கிறீர். பேர் மட்டும் என் பேர். தேய்ந்தா போய்விடும் என்று கேட்டீரே, தேயவில்லை ஓய், நன்றாகத்தான் இருக்கிறது. இன்னும் எத்தனை பேர் வந்தாலும் இப்படியே சொல்லி அனுப்புகிறேன்.

மஞ்சள் பை மேசையில் அப்படியே இருக்கிறது. எனக்குச் சாத்துக்குடி பிடிக்காது, உமக்குத் தெரியும். சீக்காளிக்கு வந்த பழத்தைத் தின்னத்தான் ஆள் இல்லை.